டீச்சருக்கு வந்த மூன்று அழைப்புகள்

ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான பையைக் கட்ட எனக்கு நான்கு நிமிடம் போதும். அரிசியும் டின்களும் அடியில், ரொட்டியும் பிஸ்கட்டும் மேலே, சோப்பு தனி உறையில். சோப்பை மாவோடு சேர்த்துக் கட்டினால் அந்த வீட்டில் ஒரு வாரம் முழுக்கச் சாப்பாட்டில் சோப்பு வாசம் அடிக்கும். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். தலையை ஆட்டுவார்கள். பிறகு மாவோடு சேர்த்தே கட்டுவார்கள்.

நேராக விஷயத்துக்கு வரும்படி சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். வருகிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் மற்றதை மட்டும் எழுதிக்கொண்டால் உங்களுக்குத் தப்பாகத்தான் படும்.

ஒரு டாக்டரின் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். டாக்டர் உள்ளே இருப்பார். உள்ளே யார் எப்போது போவது என்பது என் கையில் இருந்தது. கத்துகிறவர்களை உட்கார வைப்பேன், பொறுமையாக இருப்பவர்களை அனுப்புவேன். மூன்றாவது தடவை வரும்போது கத்துகிறவர்களும் பொறுமையாகிவிடுவார்கள்.

கிளினிக்கை மூடியதும் மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் தங்கமானவன், மருமகளும் அப்படியே. காலையில் நான் முகம் கழுவி வருவதற்குள் சமையல் முடிந்திருக்கும். பாத்திரத்தைத் தொட்டால், "நீங்க உட்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்பாள். காய்ந்த துணியை மடிக்கப் போனால், "அம்மா, சும்மா உட்காரும்மா" என்பான். இரண்டு வருடம் உட்கார்ந்தேன். நீங்கள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் இல்லாதவர்களுக்கு உணவும் துணியும் இலவசமாகக் கொடுக்கும் மையத்துக்குத் தன்னார்வலராகப் போனேன். முன்பு அச்சகமாக இருந்த கட்டடம் அது. ஈர நாளில் இன்னும் மை வாசம் வரும். பெரிய கூடத்தில் உணவுப் பொருள், பக்கத்து அறையில் துணிமணி. செவ்வாயும் வெள்ளியும் கதவைத் திறப்போம், திங்கட்கிழமை வந்ததைப் பிரித்து அடுக்குவோம். கதவுக்கு எதிரே என் மேசை. என்னைத் தாண்டித்தான் யாரும் பை வாங்க முடியும். முதல் நாளே அறுபது, எழுபது பேர் வரிசையில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மேசையில் ஒரு தொலைபேசி உண்டு. அங்கே வருபவர்களில் பலருக்குப் போன் கிடையாது, இருந்தாலும் பாதி நாள் வேலை செய்யாது. வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் எங்கள் எண்ணைத்தான் கொடுத்துவிட்டு வருவார்கள். அழைப்பு வந்தால் சீட்டில் எழுதிச் சுவரில் உள்ள பலகையில் குத்தி வைப்பது என் வேலை. நாள், நேரம், பேசியவர், சேதி. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீங்களே பார்த்தீர்கள்.

அங்கே பை வாங்க வரும் பெயின்டர் ஒருவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தொடக்கம் அங்கேதான். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய பையில் பால் பவுடர் இல்லை. தீர்ந்துபோய்விட்டது. அதற்கு அவர் எல்லார் முன்னாலும், "என்னமோ உங்க வீட்டுச் சொத்தை அள்ளிக் குடுக்கற மாதிரி முகத்தை வச்சுக்கறீங்க" என்றார். அடுத்தவருக்குப் பையை எடுத்து வைத்தேன். எனக்குக் கோபம் வராது. அடுத்த திங்கட்கிழமை ஒரு மேஸ்திரி கூப்பிட்டார். பெரிய கட்டடம், இரண்டு மாத வேலை, பெயின்டர் நாளைக் காலையில் வந்து நிற்க வேண்டும். சீட்டில் எழுதினேன். பலகைக்குப் போகவில்லை, துணி அறையில் இருந்த பிஸ்கட் டின்னில் போட்டேன். வெள்ளிக்கிழமை எடுத்துக் கொடுத்தேன்.

"அடடா, திங்கக்கிழமையே வந்துச்சுப்பா. எனக்கு வயசாயிடுச்சு பாரு" என்றேன்.

அவர் ஓடினார். ஆள் எடுத்து முடிந்திருந்தது. அடுத்த செவ்வாய் வரிசையில் வந்து நின்றபோது குரல் இறங்கியிருந்தது. அன்றுதான் முதல்தடவை என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். அவருக்கு அது நல்லதுதான். வாய் நீளமாக இருந்தால் கிடைத்த வேலையும் நிலைக்காது.

அதன்பிறகு வேறு சிலருக்கும் அப்படிச் செய்திருக்கிறேன். எல்லாருக்கும் இல்லை. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்.

டீச்சர் போன வருடம் வந்தார். கணக்கு டீச்சர். தனியார் பள்ளி ஒன்று மூடிப்போனதில் வேலை போயிருந்தது. கல்யாணமாகாதவர். கூட ஒரு தம்பி, சர்க்கரை வியாதியில் பார்வை பாதி போனவர். இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து, வரிசையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பை வாங்க வருபவர்கள் அப்படி நிற்கமாட்டார்கள். கொஞ்சம் தோளைக் குறுக்குவார்கள். குறுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, தானாக வரும்.

நான் கட்டிய பையை டீச்சர் என் மேசையிலேயே பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜாம் பாட்டிலையும் இனிப்பு பிஸ்கட்டையும் என் பக்கம் தள்ளினார்.

"இது எங்க வீட்டுல ஆகாதும்மா. தம்பிக்குச் சுகர். வேண்டியவங்களுக்குக் குடுங்க. இதுக்குப் பதிலா பருப்பு இருந்தா ஒரு பாக்கெட் கிடைக்குமா?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பருப்பு கொடுத்தேன். பின்னால் நின்றவள், "அப்ப எனக்கும் இந்த மீன் டின் வேணாம்க்கா" என்றாள். அதற்கும் பின்னால் இன்னொருத்தி. அன்றைக்கு ஒன்றரை மணிநேரம் தாமதமாகக் கதவைச் சாத்தினோம்.

துணி அறையிலும் அதே கதை. தம்பிக்கு ஒரு கோட் கேட்டார், கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, "ஜிப் இல்ல, கைப்பக்கம் கிழிஞ்சிருக்கு. இதைக் குடுத்தவங்க அவங்க தம்பிக்குப் போட்டு விடுவாங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஊசி நூல் வாங்கி அந்தக் கையைத் தைத்தார். தனக்கு மட்டும் தைத்திருந்தால் பரவாயில்லை. கொடியில் தொங்கிய இன்னும் நான்கைத் தைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் பொறுப்பாளருக்கு என் மருமகளைவிட வயது குறைவு. படித்த பெண், எதற்கும் கூட்டம் போடுவாள். அவளுக்கு டீச்சரைப் பார்த்த நாளிலிருந்து தலைகால் புரியவில்லை. ஒரு திங்கட்கிழமை எங்களை வட்டமாக உட்கார வைத்து, இனி பை கட்டப் போவதில்லை என்றாள். பொருள்களை அலமாரியில் அடுக்கிவிடுவோம், வருபவர்கள் கூடை எடுத்துக்கொண்டு அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், ஆளுக்கு இத்தனை என்று ஓர் அளவு போதும் என்றாள்.

"இது யார் யோசனை?" என்று கேட்டேன்.

"டீச்சர் சொன்னாங்க. நல்லா இருக்குல்ல? வீணாப் போறதும் குறையும்."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். முதல் நாளே கூடத்தில் பேச்சும் சிரிப்பும். பெயின்டர் கூடையை ஆட்டிக்கொண்டு வந்து, "இப்பதான்க்கா கடைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் அலமாரியைத்தான் பார்த்தார்கள். என் மேசையைச் சுவரோரம் நகர்த்திவிட்டார்கள். போன், துணி பிரிப்பது, வெளியே போகிற வழியில் பழமோ காய்கறியோ வந்திருந்தால் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் எனக்கு மிஞ்சியது. ஒருநாள் ஒரு பழப் பெட்டியைத் தூக்கப் போனேன். பொறுப்பாளர் ஓடி வந்து, "நீங்க உட்காருங்கம்மா" என்றாள்.

அந்த மாதம் டீச்சருக்கு உடம்பு சரியில்லை. எனக்கு அது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்தது. முகம் காலையில் உப்பியிருக்கும். துணி அறைக்கு வந்து, "ஒரு சைஸ் பெரிய செருப்பு இருக்குமா? கால் வீங்கிப் போகுது" என்று கேட்டார். இருபத்தாறு வருடம் கிளினிக்கில் இருந்தவளுக்கு முகமும் காலும் வீங்கினால் என்ன பார்க்கச் சொல்வார்கள் என்று தெரியும். பெரிய செருப்பு இருந்தது. இல்லை என்றேன். அரசு மருத்துவமனைப் பக்கம் இருக்கும் ஒரு கிளினிக்கில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்ததாகவும், இந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். வரும் செவ்வாய்க்கிழமையிலிருந்து டீச்சர் எங்களோடு தன்னார்வலராகச் சேரப் போகிறாராம். கூடத்துப் பொறுப்பு முழுக்க அவருக்கு. "உங்களுக்கும் பாரம் குறையும்" என்றாள். வரிசையில் வந்து நின்றவள், எட்டு மாதத்தில் மேசைக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்த பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நான்தான் அவளிடம் கேட்க வேண்டும். மன்னியுங்கள், இதுவரை டீச்சரை மரியாதையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு முதல் அழைப்பு. கிளினிக் நர்ஸ். சின்னக் குரல். டீச்சர் உடனே கிளினிக்கைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் சொன்னாள். நான் விடவில்லை. "நானும் கிளினிக்லதாம்மா இருந்தேன், ரிசல்ட் மோசமா?" என்று இழுத்தேன். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சொல்லிவிட்டாள். கிட்னி சரியாக வேலை செய்யவில்லை, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு எதையும் தொட வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா. ஹார்ட்டுக்கு ஆபத்து. அவங்க வீட்டு அட்ரஸ் உங்ககிட்ட இருக்கா? இங்க எழுதியிருக்கற அட்ரஸ் பழசு."

"எங்ககிட்ட அட்ரஸ் வாங்கற வழக்கம் இல்லம்மா. நான் சொல்லிடறேன்" என்றேன்.

பதிவேடு என் முழங்கைக்கு அடியில் இருந்தது. வீடு மூன்று தெரு தள்ளி.

சீட்டு எழுதினேன். ஒரு சொல் விடாமல் எழுதினேன், பழங்களின் பெயர் உட்பட. டின்னில் போட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாவது அழைப்பு. "சொல்லிட்டீங்களா? இன்னும் வரலையே" என்றாள். "சொல்லிட்டேன். யோசிக்கணும்னு சொன்னாங்க" என்றேன். அதற்கும் சீட்டு எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறப்பதற்கு முன்னால் மூன்றாவது. நர்ஸ் கிட்டத்தட்ட அழுகிற மாதிரி பேசினாள். "வர மாட்டேங்கறாங்கம்மா. அவங்க பிடிவாதக்காரங்க. படிச்சவங்க, நாம என்ன சொல்ல முடியும்?" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் டீச்சர் வந்தார். பொறுப்பாளர் அவருக்கு ஒரு பச்சை ஏப்ரன் கட்டிவிட்டாள், எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டீச்சர் நேராக என் மேசைக்கு வந்தார். நின்றபடி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

"இல்லையே டீச்சர்."

"கிளினிக்ல இருந்து?"

"வந்தா எழுதி வைக்க மாட்டேனா? ரிசல்ட் நல்லா இருந்தா அவங்க எங்க கூப்பிடுவாங்க."

டீச்சர் மூச்சு விட்டார். முகம் தெளிந்துபோனது. "அப்ப ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம். நான் வேற தேவையில்லாம பயந்துக்கிட்டு இருந்தேன். நன்றிம்மா" என்றார். எட்டு மாதத்தில் எனக்கு அவர் சொன்ன முதல் நன்றி அது. குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மொத்தக் கடை ஒன்றிலிருந்து வாழைப்பழம் வந்திருந்தது. நன்றாகக் கனிந்தது, இரண்டு நாளில் கறுத்துவிடும். ஆளுக்கு நான்கு என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றிவிட்டு வரும்போது அவருக்கு இரண்டு சீப்பு எடுத்து வைத்தேன்.

"இவ்வளவா? தம்பி தொட மாட்டானே, சுகர். நான்தான் சாப்பிடணும்."

"சாப்பிடுங்க. இன்னைக்கு நாள் முழுக்க நின்னிருக்கீங்க. உடம்புக்குத் தெம்பு."

சிரித்தார். "முதல் தடவையா எனக்குப் பிடிச்சதைக் குடுத்திருக்கீங்க" என்றார்.

நான் எதையும் கலக்கவில்லை. அவர் விரும்பிச் சாப்பிடும் நல்ல பழம், எல்லாருக்கும் கொடுத்த அதே பழம். எத்தனை, எதற்கு என்று நீங்கள் கேட்டால், ஆமாம், எதற்கென்று தெரிந்துதான் கொடுத்தேன். நர்ஸ் சொன்னது மறந்துபோகவில்லை. கையில் எடுக்கும்போது ஞாபகம் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தம்பி உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்குப் படி வரை பார்வை எட்டாது. அக்கா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாராம். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் சவ ஊர்வலத்துக்குப் போனேன். வரிசையில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். பெயின்டர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதன்பிறகு தம்பி வர ஆரம்பித்தார். அலமாரியில் எது என்ன என்று அவருக்குத் தெரியாது. டின்னைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் நானே அவருக்குப் பை கட்டினேன். பருப்பு, ஓட்ஸ், உப்பு பிஸ்கட், சர்க்கரை இல்லாத எல்லாம். அலமாரி முறை வந்த பிறகு நான் கட்டிய பை அவருக்கு மட்டும்தான். துணி அறையில் இருந்து முழுக்கைச் சட்டை இரண்டு எடுத்துக் கொடுத்தேன், பொத்தான் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொள்வார்.

"அக்கா போன பிறகு நீங்க இல்லைன்னா என்ன ஆயிருப்பேன்னு தெரியலைங்க" என்பார்.

எத்தனை தடவை சொன்னார் தெரியுமா? அவர் நல்ல மனிதர். டீச்சருக்கும் அவருக்கும் ஒரே அப்பா அம்மா என்றால் நம்ப முடியாது.

ஆறு வாரம் அப்படிப் போனது. நேற்று, செவ்வாய்க்கிழமை, அவர் என் மேசைக்கு முன்னால் பையோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பொறுப்பாளரிடம் ஏதோ கேட்டாள். பொறுப்பாளர் என் பக்கம் கை காட்டினாள்.

"யாரும்மா, என்ன வேணும்?" என்றேன்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தக் குரல்தான்" என்றாள். "மூணு தடவை கூப்பிட்டேனே. சொல்லிட்டேன், வர மாட்டேங்கறாங்கன்னு சொன்னது நீங்கதானே? வர மாட்டேன்னு அவங்க என்ன காரணம் சொன்னாங்க? அவங்க செத்துப்போனது தெரிஞ்சதுல இருந்து எனக்குத் தூக்கமே வரலை. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

பொறுப்பாளர், "எந்தப் போன்? பலகையில எதுவும் இல்லையே" என்றாள். அவள் முகத்தில் நிறம் மாறுவதைப் பார்த்தேன். டின் துணி அறையில் மேல் தட்டில் இருக்கிறது என்று நானே சொன்னேன். நேருக்கு நேர் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. சேதிகளைக் கிழித்துப் போடும் பழக்கமும் இல்லை. அதில் நாற்பத்தொரு சீட்டு இருக்கும். நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

பொறுப்பாளர் டீச்சருடைய மூன்றையும் சத்தமாகப் படித்தாள். சத்தமாகப் படித்திருக்க வேண்டாம். மேசைக்கு முன்னால் நோயாளி ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வாழைப்பழம் என்ற இடம் வந்ததும் தம்பி கையை நீட்டி மேசை விளிம்பைத் தேடினார். பையை அதன் மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, கதவைத் தாண்டிப் போய்விட்டார். பெயின்டர் அவர் பின்னால் போனார்.

ஆமாம், டீச்சர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தம்பி பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பார்வை சரியில்லாதவர், அவசரத்தில் கவனிக்கவில்லை. உள்ளே ரொட்டி இருக்கிறது, நாளைக்குள் கெட்டுவிடும். உங்கள் ஆள் ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். மூன்று தெருதான். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?